மணல் பெட்டிக்குள் ஓர் அம்மா

விஜயதசமியன்று காலையில் நடந்ததை, அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் வேடிக்கையாகத்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். நிவேதாவால் மட்டும் அதை யாரிடமும் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் 'குறுமணல்' நிறுவனம், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தரும் மின்னணு விளையாட்டுப் பெட்டிகளைச் செய்கிறது. நிவேதா அங்கே பொறியாளர். ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் அலுவலகக் கூடத்திலேயே ஏடு தொடங்கிவைப்பார்கள். வருகிறவை எல்லாம் பெட்டியிடம் பாதி எழுத்தைக் கற்று முடித்துவிட்ட பிள்ளைகள்தான். ஆனாலும் தட்டில் பச்சரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தால்தான் வீட்டாருக்கு மனசு நிறையும்.

நிவேதா தன் மகள் ஆதிரையை மடியில் உட்காரவைத்து, அந்தப் பிஞ்சு விரலைப் பிடித்து அரிசியில் சுழித்தாள். மூன்று வயது ஆதிரை பாதிச் சுழியிலேயே விரலை உருவிக்கொண்டாள்.

"இது எந்திரிக்கவே மாட்டேங்குது," என்றாள்.

அவள் சொன்னது சரிதான். அரிசி எழும்பாது, பெட்டியில் இருக்கும் மணல் எழும்பும். பெட்டி சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். மேலே தோல் போன்ற மெல்லிய படலம். அதற்கு அடியில் மாவாக அரைத்த இரும்புத்துகள். அதற்கும் அடியில் பொட்டுப் பொட்டாகக் காந்தங்கள். குழந்தையின் விரல் போகும் வழியெல்லாம் காந்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ள, துகள்கள் விரலுக்குப் பின்னாலேயே வரப்பு கட்டியதுபோல எழும்பி வரும். வழி தவறினால் வரப்பு சரிந்துவிடும். திட்டு கிடையாது, எச்சரிக்கை மணி கிடையாது. மணல் சோர்ந்து படுத்துவிடும், அவ்வளவுதான். எழுத்து முடிந்தால் ஒரு பெண்குரல் அதன் ஒலியைச் சொல்லிக்காட்டி, "அப்படித்தான்" என்று மெச்சும். விளையாடி முடிந்ததும் உள்ளங்கையை மணல்மேல் அகல வைத்தால் பெட்டி உறங்கிவிடும்.

நிவேதா மகளின் விரலை மறுபடி பிடிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்துக் கூடத்தின் கோடியில், காபி ஊற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்குச் சக்கரை வேண்டாங்க. பாதி டம்ளர் போதும்."

சோளக்காட்டில் காற்று புகுந்தால் தட்டைகள் எல்லாம் எப்படி ஒரே பக்கம் சாயுமோ, அப்படிக் கூடத்தில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரின் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அழுதுகொண்டிருந்த ஒன்றுகூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. பேசியவள் கஸ்தூரி. துணிக்கடை ஒன்றின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தவளைத் தேடிப்பிடித்து நிறுவனம் கூட்டிவந்திருந்தது. பெட்டியில் கேட்கும் குரல் அவளுடையது.

ஆதிரை எழுந்தாள். பட்டுப் பாவாடையில் ஒட்டிய அரிசி வழியெல்லாம் உதிர, நேராக நடந்து போய்த் தன் விரலைக் கஸ்தூரியின் உள்ளங்கையில் வைத்தாள். கஸ்தூரி டம்ளரைக் கீழே வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிவேதாவின் தட்டுக்கே வந்தாள், மண்டியிட்டு உட்கார்ந்தாள், விரலைப் பிடித்து முழு 'அ'வையும் எழுதவைத்தாள். கூடமே கைதட்டியது. யாரோ படமும் எடுத்தார்கள். கஸ்தூரி வாயைத் திறக்காமலேயே எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, காரில் நிவேதா பொருமினாள்.

"பெத்தவ நான் உக்காந்திருக்கேன். 'நீங்களே எழுத வைங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமாட்ட இருக்கு."

"கொழந்ததான நிவி, அதுவா போய்க் கையக் குடுத்துச்சு," என்றான் கணவன் கௌதம். அவன் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வான். "எனக்கு ஒண்ணு புரியலை. அந்தக் குரல்ல அப்படி என்ன இருக்கு? சாதாரணமாத்தான் பேசுறாங்க."

"குரல்ல ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் நேரத்துல இருக்குது."

"என்ன நேரம்?"

தன் வேலையைப் பற்றிக் கேட்டால் நிவேதாவுக்குக் கோபம்கூடப் பாதியில் மறந்துவிடும். "பிள்ளைங்க எழுதறப்ப பார்த்திருக்கீங்களா? கடைசிச் சுழி வரும்போது மூச்ச அடக்கிக்கும். சரியா வருமோ வராதோன்னு. முடிஞ்சதும் விடும். பெட்டியோட படலம் விரல் நுனியில நாடியத் தொட்டுப் பார்த்துட்டே இருக்கும். மூச்ச அடக்கினா நாடி லேசா மாறும். விடப் போற அந்தக் கணத்தப் பிடிச்சு, அதுமேல சரியா 'அப்படித்தான்'னு விழ வைக்கிறோம். மூச்சும் எறங்கும், பாராட்டும் எறங்கும். ஒடம்பே லேசாயிரும்."

"சரி."

"அந்த சுகம் எங்கிருந்து வந்துச்சுன்னு மனசு தேடும். நாடி, காந்தம் எல்லாம் கொழந்தைக்குத் தெரியுமா? காதுல கேட்ட குரல்தான் குடுத்துச்சுன்னு முடிவு பண்ணிக்கும். அந்தக் குரல் மேல உசுரா ஆயிரும். அந்தக் கணத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நானு."

கௌதம் சிரித்துவிட்டான். "அப்ப மாவாட்டினது நீ. தோசை அவங்க பேர்லயா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொல் நிவேதாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அதன்பிறகு அவளுக்குக் கண்ணில் படுவதெல்லாம் கஸ்தூரியாகவே இருந்தது. ஆதிரை தன் பொம்மைக்குச் சோறூட்டும்போது "அப்படித்தான்" என்பாள். அந்தச் சொல்லின் கடைசியில் கஸ்தூரியின் இழுப்பு அப்படியே இருக்கும். தூங்கப் போகும்போது பெட்டியைத் தலைமாட்டில் வைக்கச் சொல்வாள். அலுவலக உணவகத்தில் கஸ்தூரி தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவதை நிவேதா பார்ப்பாள். யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டுவாள். இத்தனை கர்வமா என்று நினைப்பாள். கண்ணாடி வளையல், வெளுத்துப்போன சுங்குடிச் சேலை, மூக்கால் பேசுகிற குரல்; இதற்குத்தானா என் பிள்ளை என் மடியை விட்டு எழுந்து போனாள் என்று வயிறு எரியும். தான் செய்து வைத்த பாயசத்தை வேறொருத்தி எடுத்துப் பரிமாறி, நல்ல பெயர் வாங்கிப்போனதுபோல இருந்தது.

பாயசம் என்னுடையதுதானே, நானே பரிமாறினால் என்ன என்று தோன்றியது ஒரு மதியம். தோன்றியதும் எழுந்து ஒலிப்பதிவு அறைக்குப் போனாள்.

அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் பிரான்சிஸ். "என்ன மேடம், நீங்களே மைக் முன்னால வந்துட்டீங்க?" என்றார்.

"எங்க வீட்டுப் பெட்டிக்கு மட்டுந்தான் பிரான்சிஸ். கொஞ்சம் என் குரல எடுத்துக் குடுங்க."

ஒரு குரலை எடுப்பது இப்போது பெரிய வேலை இல்லை. கொஞ்ச நேரம் படித்துக் காட்டினால் போதும். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தை இயந்திரம் கற்றுக்கொண்டு, சொல்லாத சொற்களையும் தானே நெய்துகொள்ளும். நிவேதா படித்தாள். பிரான்சிஸ் காதொலிப்பானைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் பேசற மாதிரி இருக்குது. உங்க பாப்பா முன்னால உக்காந்திருக்குன்னு நெனச்சுட்டுச் சொல்லுங்க."

நிவேதா கண்ணை மூடிக்கொண்டாள். ஆதிரையை நினைக்கத்தான் முயன்றாள். வந்து நின்றது கஸ்தூரி, கையில் பாதி டம்ளர் காபியோடு. அரிசித் தட்டின் முன்னால் மண்டியிட்ட கஸ்தூரி. கைதட்டல்.

"அப்படித்தான்," என்றாள் நிவேதா.

"இதுதான் மேடம்," என்றார் பிரான்சிஸ். "இப்பத்தான் உசுரு வந்துச்சு."

அன்று மாலை வீட்டுப் பெட்டியில் குரலை மாற்றினாள். ஆதிரை வழக்கம்போல விரலை ஓட்டினாள், வரப்பு எழும்பியது, சுழி முடிந்தது, மூச்சு நின்றது. "அப்படித்தான்," என்றது பெட்டி, நிவேதாவின் குரலில். குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். அடுக்களை வாசலில் சாய்ந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். திரும்பப் பெட்டியைப் பார்த்தாள்.

"நீ உள்ள போயிட்டியா?"

"ஆமா சாமி," என்று நிவேதா சிரித்தாள். "உன்கூடயே இருக்கலாம்னு போயிட்டேன்."

அடுத்து வந்த நாட்கள் அவள் ஆசைப்பட்டபடியே இருந்தன. சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து ஓடிவரும் காலடி கேட்கும். "எங்கம்மா குரலு," என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடமெல்லாம் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள் ஆதிரை. உணவகத்தில் கஸ்தூரியைப் பார்த்தபோது நிவேதா முதன்முறையாகப் புன்னகைத்தாள். கஸ்தூரியும் பதிலுக்குப் புன்னகைத்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதலில் மாறியது சாப்பாட்டு நேரம்.

நிவேதா இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஆதிரை ஒரு வாய் வாங்கி விழுங்கினாள். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி அம்மாவின் மணிக்கட்டில் வைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

அந்தத் தோரணையை நிவேதாவைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. ஆய்வறையில் எத்தனையோ பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தவள் அவள்.

"சமத்து," என்றாள் அவசரமாக.

பிள்ளை மூச்சை முன்பே விட்டுவிட்டாள். உதடு லேசாகத் தொங்கியது. இன்னொரு வாய் வாங்கிக்கொண்டு மறுபடி விரலை வைத்தாள்.

இந்தத் தடவை நிவேதா விழிப்பாக இருந்தாள். கண் கொட்டாமல் பார்த்து, மார்பு அசைந்ததுமே சொன்னாள். அதுவும் பிந்திவிட்டது. பிந்தத்தான் செய்யும். கண் பார்க்க வேண்டும். பார்த்ததை மூளை புரிந்துகொள்ள வேண்டும். அது நாக்குக்குச் சேதி அனுப்ப வேண்டும். நாக்கு புரள வேண்டும். ஒரு மனித உடம்புக்குள் இத்தனையும் சுற்றி முடிவதற்குள் ஒரு சின்ன மூச்சு போயேவிடும். பெட்டிக்கு அந்தச் சுற்று கிடையாது. நாடி மாறும்போதே அதற்குத் தெரிந்துவிடும். அதை அப்படிச் செய்ததும் அவள்தான்.

கஸ்தூரியின் குரல் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அந்தக் குரல் பெட்டியினுடையது, அம்மா வேறு. அம்மா பாராட்டுவதற்குப் பிந்தலாம், மறக்கலாம், போனில் பேசிக்கொண்டே தலையைத் தடவலாம். யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது ஒரே குரல். ஒரு நேரம் சரியாக விழுகிறது, ஒரு நேரம் தப்பித் தப்பி விழுகிறது. குழந்தை எதை அம்மா என்று எடுத்துக்கொள்வாள்?

அதற்கான பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்தது. ஆதிரை பால் டம்ளரைச் சோபாமேல் கவிழ்த்துவிட்டாள்.

"எத்தன தடவ சொல்றது, மேல வச்சுக் குடிக்காதன்னு," என்று நிவேதா சத்தம் போட்டாள்.

ஆதிரை அழவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. எதையோ பழுதுபார்க்க வருகிறவளைப்போலப் பக்கத்தில் வந்தாள். சோபாவில் ஏறி நின்று, பெட்டியை உறங்கவைப்பதுபோல உள்ளங்கையை அகல விரித்து, அம்மாவின் வாய்மேல் வைத்து அழுத்தினாள். சற்று நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள். இனிச் சரியாக வருகிறதா என்று பார்ப்பவள்போல முகத்தைப் பார்த்தாள்.

"ஆதி," என்றாள் நிவேதா.

குழந்தை இறங்கிக்கொண்டாள். "நீ வேண்டாம். எனக்கு அந்த அம்மா வேணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னாலிருந்து "அப்படித்தான்" என்று நிவேதாவின் குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து ஆதிரை கலகலவென்று சிரித்தாள்.

நிவேதா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கஸ்தூரியைப் பார்த்து வயிறு எரிந்தபோதாவது எரிச்சலுக்கு ஒரு முகம் இருந்தது. இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் யார்? தன் குரல், தன் சிரிப்பு. ஆனால் ஒருபோதும் களைத்துப்போகாதவள், ஒருபோதும் பிந்தாதவள், பால் கொட்டினால் கத்தத் தெரியாதவள். அவளோடு போட்டிபோட முடியாது. அவளைவிட நல்லவளாக இருக்கவும் முடியாது.

செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு வந்த கௌதம், "என்ன நிவி, இப்ப யாரோட சண்டைக்குப் போவ? கண்ணாடி முன்னாடிதான் நிக்கோணும்," என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "பெட்டிய எடுத்துப் பரண்மேல போட்டுறலாமா?"

"பரண்ல போட்டா அவ காத்துட்டே இருப்பா. எங்கிட்ட இருந்து அது வரும்னு பார்த்துட்டே இருப்பா. வராதுங்க. என்னால முடியாது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் ஒரு கூட்டத்தில் கஸ்தூரி எழுந்து நின்று, தயங்கித் தயங்கி ஏதோ சொன்னாள். பிள்ளைகள் தன்னிடம் வேறு எதையோ எதிர்பார்க்கின்றன என்று. அந்தப் பெண் தன்னைப் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்கிறாள் என்றுதான் நிவேதா அப்போது நினைத்திருந்தாள்.

அன்றைக்கே பிற்பகல் சிங்காநல்லூருக்குப் போனாள்.

கஸ்தூரியின் வீட்டுக் கதவு திறந்தேயிருந்தது. தரையில் கேரம் பலகை. ஒரு பக்கம் கஸ்தூரி, எதிரே பள்ளிக்கூடப் பையன், அவள் மகன் கவின். காய்கள் மோதும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. சிவப்புக் காய் குழியில் விழுந்தபோது பையன் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். அவள் உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள். நிவேதாவைக் கண்டதும் கஸ்தூரி எழுந்து, உட்காரச் சொல்லிக் கையால் காட்டினாள். மகனிடம் வெளியே விளையாடப் போகும்படி சைகை செய்தாள். அவன் படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"வாங்க மேடம். பாப்பா நல்லாருக்குதா?"

"அக்கா," என்றாள் நிவேதா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒலிப்பதிவு அறையில் எதை நினைத்துக்கொண்டு பேசினாள் என்பதைத் தவிர.

கஸ்தூரி கேரம் காய்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டே கேட்டாள். "விரல மணிக்கட்டுலதான வெக்கறா?"

"ஆமாங்க்கா."

"இவனும் அங்கதான் வெப்பான். மொதப் பெட்டி செஞ்சப்ப, வீட்டுல வச்சுப் பாருங்கன்னு குடுத்தாங்க. நல்லாத்தான் படிச்சான். எனக்குப் பெருமை புடிபடலை. அப்பறம் ஒரு நாள் காய்ச்சல்ல படுத்திருந்தான். 'என்ன சாமி பண்ணுது'ன்னு கேட்டேன். அந்தக் காய்ச்சல்லயும் விரல எடுத்து எங்கையில வச்சுட்டு, மூச்சப் புடிச்சுட்டுக் காத்திருந்தானுங்க. நான் என்ன சொன்னாலும் அவன் காத்திருந்தது அது இல்ல. ஒவ்வொரு தடவையும் மொகம் விழுந்துட்டே இருந்துச்சு. அன்னைக்கோட பேச்சக் கொறச்சுக்கிட்டேன். கேரம் போர்டுல பேச வேண்டியதில்லை பாருங்க."

"அதனாலதான் ஆபீஸ்லயும்..."

"கொழந்தைங்க எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரியுமா? பஸ்ல டிக்கெட் கேட்டாக்கூடத் திரும்புதுங்க. அன்னைக்கு அரிசித் தட்டு முன்னால உங்க பொண்ணு விரலக் குடுத்துச்சு. நான் வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லி, அது ஒத்து வராம, அத்தன பேர் முன்னால அவ மொகம் விழோணுமா? அதான் பேசல. உங்களுக்குக் கோவம்னு தெரியும்."

நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு மீட்டிங்ல நீங்க சொன்னீங்க."

"சொன்னேன். நீங்கதான் சிரிச்சுட்டே சொன்னீங்க, எதிர்பார்க்கறது நல்லதுதானேன்னு."

வெளியே பையன்கள் பந்தடிக்கும் கூச்சல் கேட்டது. அதில் கவினின் குரல் எது என்று நிவேதாவுக்குத் தெரியவில்லை. கஸ்தூரிக்குத் தெரிந்தது, அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? எனக்கும் உங்கமேல வயித்துக் காந்தல்தான்," என்றாள். "போன வருஷம் பாப்பாவ ஒரு நாள் கேன்டீனுக்குக் கூட்டிட்டு வந்தீங்க. ஐஸ்கிரீம் வேணும்னு உங்க முந்தானையப் புடிச்சு இழுத்து, 'ம்மா, ம்மா'ன்னு கத்தி ரகளை பண்ணுச்சு. நீங்க முதுகுல ஒண்ணு வச்சீங்க. அது திருப்பி உங்களையே அடிச்சுது. நான் சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டேன். என்ற பையன் என்னைய ஒரு நாளும் அடிச்சதில்லைங்க. எங்கிட்ட அடம் புடிச்சதில்ல. சரியா வராத பெட்டிய யாராவது அடிச்சுட்டு இருப்பாங்களா? வச்சுட்டுப் போயிருவாங்க."

நிவேதா கேட்டாள். "நான் இப்ப என்ன பண்றதுங்க்கா?"

"உங்க குரல அதுல இருந்து எடுத்துருங்க. என்ற குரலையே போட்டுக்குங்க. வேற வீட்டுப் பொம்பள கொரல்னா பாப்பாவுக்குக் கெடுதல் இல்ல. நீங்க கொஞ்ச நாளைக்குப் பேசாதீங்க. சோறூட்டுங்க, தண்ணி ஊத்துங்க, தல சீவி விடுங்க. எல்லாம் கையிலயே. பெட்டியில பேசின உங்க கொரல் அவளுக்கு மறக்கோணும்."

"எத்தன நாளைக்கு?"

"எனக்குத் தெரியாது கண்ணு. எனக்குப் புரியறதுக்குள்ள இவன் வளந்துட்டான்."

மறுநாள் நிவேதா பிரான்சிஸிடம் போய்த் தன் குரலை அழிக்கச் சொன்னாள். அவர் முகம் மாறியது. "உங்க வீட்டுப் பெட்டியோட கணக்க மேல இருக்கறவங்க பார்த்துட்டாங்க மேடம். வேற எந்தப் பாப்பாவும் இவ்வளவு நேரம் வெளையாடினதே இல்லையாமே. பெத்தவங்க குரல்லயே அடுத்த பெட்டின்னு பேச்சு நடக்குது. எல்லா அம்மாவும் கேக்கறாங்களாம், எங்க குரல் வராதான்னு."

நிவேதா மேலாளரின் அறைக்கே போய் நடந்ததைச் சொன்னாள். இட்லியைச் சொன்னாள், வாய்மேல் வைத்த கையைச் சொன்னாள். அவர் அக்கறையாகத்தான் கேட்டார். முடிவில், "குழந்தை அவ்வளவு எதிர்பார்க்குதுன்னா அது நல்லதுதானேம்மா," என்றார். தான் ஒரு நாள் சொன்ன அதே சொல், அதே சிரிப்பு. நிவேதா அவர் மேசைமுன்னால் நின்று, மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அதன்பிறகு நடந்த கூட்டங்களிலும் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அது தனிக் கதை. வீட்டுப் பெட்டியில் மட்டும் அன்றைக்கே கஸ்தூரியின் குரல் திரும்பிவிட்டது.

மாலையில் ஆதிரை விரலை ஓட்டினாள். வரப்பு எழும்பியது. "அப்படித்தான்," என்றது பெட்டி.

குழந்தை விரலை எடுத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள். அங்கே நின்ற நிவேதாவைத் தாண்டிப்போய், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். துணி அலமாரியைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் பார்த்தாள். கடைசியில் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அந்த அம்மா எங்க?"

நிவேதா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கௌதம்தான் பிள்ளைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து சொன்னான். "அந்த அம்மா ஊருக்குப் போயிட்டாங்க சாமி."

"எப்ப வருவாங்க?"

"இனி வர மாட்டாங்க."

ஆதிரை கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். பிறகு முகம் கோணியது. உடம்பு குலுங்கி, சத்தமே வராத ஓர் அழுகை முதலில் வந்தது. பிறகு சத்தம் வந்தது. காய்ச்சலிலோ கீழே விழுந்தோ அவள் அப்படி அழுது நிவேதா கேட்டதில்லை. செத்துப்போனவர்களுக்காக அழுகிற அழுகை.

நிவேதா ஓடிப்போய் வாரி எடுத்துக்கொண்டாள். குழந்தை திமிறினாள். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாததால் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மாவுக்காக இந்த அம்மாவின் தோளில் அழுதாள். ஒரே ஒரு சொல் போதும் என்று நிவேதாவுக்குத் தெரியும். 'என்ன சாமி' என்று காதுக்குள் சொன்னால் அழுகை அந்த நிமிஷமே நிற்கும். தலை நிமிரும். விரல் நீளும். போனவள் திரும்பி வந்துவிடுவாள்.

அவள் உதட்டைப் பிள்ளையின் தலைமயிரில் அழுத்தி வைத்துக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்த குரலை விழுங்கினாள். தன் பிள்ளை இப்படி உருகி அழும் அளவுக்குப் பெட்டிக்குள் இருந்த அந்தத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று பொறாமையாக இருந்தது; அந்தப் பொறாமையோடேயே கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். முதுகில் தட்டிக்கொடுத்தாள். சில தட்டு பிந்தி விழுந்தது, சில தட்டு முந்தி விழுந்தது, எதுவும் பிள்ளையின் மூச்சோடு ஒத்துப்போகவில்லை. ஆதிரை அழுகையினூடே கையை ஓங்கி அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னொன்று.

நிவேதா நடையை நிறுத்தாமல், அடிக்க வசதியாகத் தோளைக் கொடுத்தாள்.